துடைக்காதீங்க சாமி!

கார் மேல் ஆசையும் கையில் காசும் உள்ளவன் கார் வாங்குகிறான். ஆசை மட்டும் உள்ளவன் அடுத்தவன் காரைத் துடைக்கிறான். நான் இரண்டாவது ரகம். துடைத்த கையோடு 18 சதவீத ஜிஎஸ்டி போட்டுப் பில்லும் நீட்டுவதால் என்னைத் தொழிலதிபர் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கோயமுத்தூரில் பிறந்தவனுக்குக் கார் ஆசை வரத் தனிக் காரணம் எதுவும் வேண்டாம். ஊரில் பாதிப் பேர் லேத்தில் எதையாவது கடைந்துகொண்டிருப்பார்கள். மீதிப் பேர் கடைந்ததை எந்த வண்டியில் மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்த எஸ். கரிவரதன் எங்கள் ஊர்க்காரர். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊர்தான். அவர்களுக்கெல்லாம் வேகத்தில் ஆசை. எனக்கோ ஓடுகிற காரைவிட நிற்கிற கார்தான் பிடிக்கும். ஓடுகிற காரைத் தொட்டுப் பார்க்க முடியாதே!

நான் சிறுவனாக இருந்தபோது பீளமேட்டில் எங்கள் வீதிக்கு ஒரே ஒரு ஃபியட். பின்னால் பிரீமியர் பத்மினி என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. மில் மேனேஜருக்கு அம்பாசடர். டாக்டருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கண்ணை மூடிக்கொண்டு, தெருமுனையில் வருகிற சத்தத்தை வைத்தே என்ன கார் என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முன்னால் இந்த வித்தையை அம்மா செய்துகாட்டச் சொல்வார். பெரிய ஞானம் ஒன்றும் தேவைப்படவில்லை. அன்றைக்கு இருந்ததே மூன்று சத்தம். 1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்து, பிறகு எங்கள் வீதிக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இதுல ஒரு மூட்டை பருத்திக்கொட்டை ஏத்த முடியுமா?” என்று கேட்டார். அவர் வரையில் மாருதியின் கதை அங்கேயே முடிந்தது. எனக்கு நாலாவது சத்தம் கிடைத்தது. 1998இல் சான்ட்ரோ, மாட்டிஸ், இண்டிகா என்று வரிசைகட்டி வந்தபோது என் வித்தை காலாவதி ஆகிவிட்டது.

படித்தது பி.காம். வேலை பஞ்சாலையில், கணக்குப் பிரிவில். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களின் கார்களை வாங்கிக் கழுவிக் கொடுப்பேன். பெட்ரோல் தீர்த்துவிட்டுத் திருப்பித் தருகிற நண்பர்களைப் பார்த்தே பழகியவர்களுக்கு, கழுவித் தருகிற நண்பன் மேல் முதலில் சந்தேகம்தான் வந்தது. பிறகு அவர்களே சனிக்கிழமை இரவு கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். அப்படியே ஒருநாள் வேலையை விட்டேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஷெட் பிடித்தேன்.

“பி.காம் படிக்க வெச்சது லெட்ஜர் எழுதறதுக்குடா. வண்டி கழுவறதுக்கு எட்டாங்கிளாஸே தாராளம்” என்றார் அப்பா. மாமனார் மரியாதை தெரிந்தவர். நேரில் வந்து விசாரித்தார்.

“ஏனுங் மாப்ளை, வாட்டர் சர்வீஸ் போடறீங்களாமா?”

“இல்லீங் மாமா. டீடெயிலிங் ஸ்டுடியோ.”

“அதுல தண்ணி ஊத்த மாட்டீங்ளா?”

“ஊத்துவோமுங்க.”

“சோப்பு?”

“போடுவோமுங்க.”

“அப்பறமென்ன!” என்று எழுந்துவிட்டார்.

அவரிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன். புதுக் காரின் தகட்டுக்கு மேலே ப்ரைமர், நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று பூச்சு அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பைத் தருகிற அந்தக் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். ஆக, பத்து லட்சம் கடன் வாங்கி எடுத்த காரின் மொத்த அழகும் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது. மயிரிழையில் தப்பினோம் என்று சொல்வோமே, கார் விஷயத்தில் அந்த மயிரிழையும் கிடையாது.

இனி உங்கள் வீதியைக் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். வாசலில் கார். அதன்மேல் இரவில் படிந்த புழுதி. அதன் எதிரில் கையில் மஞ்சள் துணியோ, ஓய்வு பெற்ற பனியனோ வைத்துக்கொண்டு ஒரு குடும்பத் தலைவர். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், வட்டம் வட்டமாக, பாசத்தோடு துடைக்கிறார். தெருப் புழுதியில் இருப்பது பெரும்பாலும் மணல் துகள், அதாவது சிலிக்கா. கிளியர் கோட்டைவிட அது எவ்வளவோ கடினம். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் என்ன நடக்குமோ அதுவேதான் அங்கே நடக்கிறது. தினசரி நடக்கிறது. வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால், கார் முழுக்க நூல்நூலாக வட்டக் கீறல்கள் மின்னும். தொழிலில் இதற்கு ஸ்வர்ல் மார்க் என்று பேர். என் வருமானத்தில் பெரும்பகுதிக்கும் அதுதான் பேர்.

இத்தனை காலம் இந்தத் தொழிலில் நான் கண்டறிந்தது இது ஒன்றுதான்: அழுக்கு காரைக் கெடுப்பதில்லை, அக்கறைதான் கெடுக்கிறது.

ஒரே வாரத்தில் இரண்டு கார்கள் வந்தன. ஒன்று, துபாயில் வேலை பார்ப்பவருடையது. வேப்பமரத்தடியில் மாதக்கணக்கில் நின்றதில் என்ன நிறம் என்பதே தெரியவில்லை. கண்ணாடிப் புழுதியில் யாரோ விரலால் இதயம் வரைந்து அம்பும் விட்டிருந்தார்கள். இன்னொன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. கறுப்பு நிறம். வெள்ளைச் சட்டையோடு சாய்ந்து நிற்கலாம், அவ்வளவு சுத்தம். முதல் காரைக் கழுவினால் உள்ளேயிருந்து ஷோரூம் கார் வெளியே வந்தது. இரண்டாவது காரை எல்இடி விளக்குக்குக் கீழே நிறுத்தினேன். எங்கள் ஷெட்டில் வாய் பேசாத ஒரே விற்பனையாளர் அந்த விளக்குதான். பானட் முழுக்கக் கீறல் வலை. தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எவன் பண்ணுன வேலைங்க இது?”

“நீங்கதானுங்க சார்” என்று சொன்னால் தொழில் படுத்துவிடும். “தூசிதானுங்க சார்” என்றேன்.

“தூசியா? அதெப்படி? நாந்தான் தெனமும் தொடைக்கறேனே!”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பண்பான பதில் இல்லை.

முறையாகக் கழுவுவது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மேலோட்டமான மணலை இறக்க வேண்டும். நுரையைப் போர்த்தி, அழுக்கு ஊறச் சில நிமிடம் விட வேண்டும். பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துடைக்கிற கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்கதவில் எடுத்த மணலைப் பின்கதவில் தேய்த்துக்கொண்டிருப்போம். கோவையில் தண்ணீர் ஒரு தனிப் பாடம். போர் தண்ணீர் உப்பு கனத்தது. வெயிலில் காய்ந்தால் கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளிக் கோலம். “சிறுவாணித் தண்ணியிலயே கழுவிருங்க, காசு சேத்தி வாங்கிக்கங்க” என்பவர்கள் உண்டு. குடிப்பதற்கே நாள் கணக்கு வைத்துப் பிடிக்கிற வீட்டம்மணிகள் காதில் இது விழுந்தால், கார் இருக்கும், கழுவச் சொன்னவர் இருக்க மாட்டார். நான் போர் தண்ணீரை உப்பு நீக்கித்தான் பயன்படுத்துகிறேன்.

கடைசியில் ஈரத்தை ஒற்றி எடுக்க மைக்ரோஃபைபர் துணி. அதைத் தனியாகத் துவைக்க வேண்டும். துணிக்கு வாசனையும் மென்மையும் தருகிற திரவம் அதில் பட்டால் இழை அடைத்துக்கொண்டு தண்ணீரை இழுக்காது. இதை வீட்டில் சட்டமாகவே அறிவித்திருந்தேன். ஒருநாள் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, நான் கட்டற சேலையெல்லாம் மெசின்ல போட்டுச் சுத்தறீங்க. அடுத்தவன் வண்டி தொடைக்கற துணிய மட்டும் கையில அலசி நெழல்ல காயப் போடறீங்களே?” தொழில்நுட்பக் காரணங்களை அவளுக்கு விளக்க நான் முயலவில்லை.

விழுந்த கீறலை எடுப்பதற்குத்தான் பாலிஷ் மிஷின். கீறல் எங்கும் போய்விடுவதில்லை. சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைக் கீறலின் ஆழம் வரைக்கும் சீவி இறக்குகிறோம். ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான் போகும். இருப்பே சொற்பம். எனவே கனம் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் மிஷினை வைக்க வேண்டும். “நல்லா அழுத்தித் தேய்ங்க தம்பி, காசு குடுக்கறமில்ல?” என்பார்கள். கொடுக்கிற காசுக்கெல்லாம் தேய்த்தால் அடியில் இருக்கிற ப்ரைமரோடு கைகுலுக்கிவிட்டு வரலாம்.

அந்த மீட்டர் அளப்பது பெயின்டை மட்டும் அல்ல. ஒரு தம்பதி வந்தார்கள். வண்டி முழுக்க 110, 120 என்று காட்டிவந்த மீட்டர், இடப்பக்கப் பின்கதவில் 340 காட்டியது. கதவு ஒருமுறை அடிவாங்கி, பட்டி பார்த்து, மறுபெயின்ட் அடித்திருக்கிறது என்று அர்த்தம்.

“ஏனுங்க தம்பி, இந்தக் கதவு மட்டும் எதுக்கு இத்தனை காட்டுது?” என்று அந்த அம்மணி கேட்டார்கள். அவருக்குப் பின்னால் நின்ற கணவர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார்.

“மீட்டர்ல பேட்டரி கம்மிங்க அக்கா.”

போகும்போது கணவர் கேட்காமலேயே, பெயின்டுக்கு மேல் பூசுகிற செராமிக் கோட்டிங்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். நம்பகமான கடை என்று இப்போதும் நாலு பேரை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

வெளிப்பக்கம் மானம், உள்பக்கம் வாழ்க்கை. சீட்டைக் கழற்றினால் ஒரு குடும்பத்தின் வருஷக் கணக்கு முழுதும் கீழே கிடக்கும். கடலைத் தோல், டோல்கேட் ரசீது, ஒற்றைக் கொலுசு, பால்பாட்டில் மூடி, திருச்செந்தூர் மணல். கொங்கு நாட்டுக் கார்களுக்கென்றே உள்ள சிறப்பு பழனி. மொட்டை அடித்துச் சந்தனம் அப்பிய தலைகள் அத்தனையும் மலையிறங்கி வந்து சாய்வது காரின் ஹெட்ரெஸ்டில்தான். சாம்பல் நிறத் துணி சீட்டில் மஞ்சள் வட்டங்கள். எத்தனை பேர் மொட்டை போட்டார்கள், அதில் குழந்தை எத்தனை என்பதை அந்த வட்டங்களை வைத்தே சொல்லிவிடுவேன். சத்தத்தை வைத்துக் காரைச் சொன்ன பழைய வித்தை போய் இந்த வித்தை வந்திருக்கிறது. சந்தனத்தையாவது ஷாம்பு போட்டு எடுத்துவிடலாம். பஞ்சாமிர்தம் கொட்டிய காரை நாங்கள் சுத்தம் செய்வதற்கு முன்பே எறும்புகள் ஆரம்பித்திருக்கும். அவற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். பிரசாதம் என்பதால் திட்டவும் முடியாது.

எங்கள் தொழிலின் தீபாவளி, ஆயுத பூஜை. மெஷினும் ஸ்பேனரும் சோறு போடுகிற ஊரில் அன்றைக்கு வாகனங்களுக்கு நடக்கிற உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. முதல்நாள் எங்கள் ஷெட் வாசலில் வண்டி வரிசை. எல்லோருக்கும் ஒரே நல்ல நேரத்துக்குள் வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் மினுக்கி அனுப்பினால், மறுநாள் அதே வண்டியின் நெற்றியில் விபூதிப் பட்டை, பானட்டில் சந்தனம், அதன்மேல் குங்குமம், முன்னால் இரண்டு வாழைக்கன்று. அந்த வாரமே வண்டி திரும்பி வரும். குங்குமச் சாயம் வெள்ளைப் பெயின்டில் இறங்கியிருக்கும். வாழைக்கறை எதற்கும் அசையாது. “இது மட்டும் லைட்டா எடுத்து வுட்டுருங்க” என்பார்கள். அந்த ‘லைட்டா’வுக்குப் பாதிநாள் ஆகும்.

அப்படியொரு ஆயுத பூஜை அன்று போன் வந்தது. முந்தைய வாரம் செராமிக் கோட்டிங் போட்டுக்கொண்டு போனவர். “தம்பி, எங்கம்மிச்சி பேசோணுமாமா” என்று பாட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

“ஏஞ்சாமி, வண்டிக்கு என்னத்தப் பூசிவுட்டே நீயி?”

“கோட்டிங்குங்க அம்மிச்சி. தண்ணி, தூசி எதும் ஒட்டாதுங்க.”

“தண்ணி ஒட்டாட்டிப் போச்சாது. மூணுவாட்டி சந்தனம் வெச்சுட்டேன், மூணுவாட்டியும் வழுக்கிட்டுப் போயிருச்சு. சாமிக்கு ஆகாத மருந்தா அது?”

ஐயர் காத்திருக்கிறார், பூசணிக்காய் காத்திருக்கிறது, நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. “நம்பர் பிளேட்டுல வெய்ங்க அம்மிச்சி, அதுக்குக் கோட்டிங் போடலீங்க” என்றேன். பூஜை நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வேலைச்சீட்டில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: பொட்டு வைக்கும் இடம் எங்கே? பானட் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் கோட்டிங் போடாமல் விட்டுவிடுகிறோம். தொழில்நுட்பத்துக்குக் கோயமுத்தூரின் பங்களிப்பு இது.

இந்த செராமிக் கோட்டிங்கின் மூலப்பொருளும் பெரும்பாலும் சிலிக்காதான் என்பதில் எனக்கு ஓர் ஆன்மிக நிறைவு உண்டு. கெடுப்பதும் சிலிக்கா, காப்பதும் சிலிக்கா. இடையில் நின்று பில் போடுபவன் நான். டப்பாவில் ‘9எச் ஹார்ட்னஸ்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். மற்ற ஊர்களில் அதைப் படித்துவிட்டு வாங்கிவிடுவார்களாக இருக்கும். எங்கள் ஊரில் ஒரு ஃபவுண்டரி முதலாளி கையில் அந்த டப்பா கிடைத்தது.

“9எச்சா? இது ராக்வெல்லுங்களா, பிரினெல்லுங்களா?”

இரும்பின் கடினத்தை அளந்தே தலை நரைத்தவர். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம். “பென்சிலுங்க” என்றேன்.

“பென்சிலா?”

“ஆமாங்க. 9எச் பென்சில்ல கோடு போட்டாலும் விழாதுன்னு அர்த்தம்.”

“என் வண்டி மேல எவனுங்க பென்சில்ல கோடு போடறான்? எம்பேரன் கல்லுலயல்ல போடறான்!”

கல்லுக்குப் பிபிஎஃப் என்கிற படலம் இருக்கிறது, 200 மைக்ரான் வரை கனம், வியட்நாம் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வந்த சரக்கு என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். முழு வண்டிக்கும் ஒட்ட என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். “அதுக்குப் பேரனுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் குடுத்தர்றனுங்க” என்று வாட்டர் வாஷ் மட்டும் செய்துகொண்டு போய்விட்டார். அறிவுள்ள வாடிக்கையாளரைப் போல வியாபாரத்துக்கு இடைஞ்சல் வேறில்லை.

ஆசையைத் தொழிலாக்கினால் ஆசை மிஞ்சுமா என்று கேட்கிறார்கள். மிஞ்சுகிறது, ஆனால் பார்வை கெட்டுப்போகிறது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்து நிற்கிற காரில், ரோஜாப் பூவை எந்த டேப்பில் ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். சினிமாவில் கதாநாயகன் பானட் மேல் குதித்துச் சறுக்கும்போது தியேட்டர் விசிலடிக்கிறது. எனக்கு அவர் பேண்ட்டின் பின்பாக்கெட் பொத்தான் ஞாபகத்துக்கு வந்து வயிற்றைக் கலக்குகிறது. அவினாசி சாலையில் ஜீடீ கார் மியூசியத்துக்குப் போனால் ஊரே பழைய கார்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறது. நான் அங்கே துடைக்கிறவர் கையில் என்ன துணி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆகவே, கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். புழுதி படிந்திருந்தால் படிந்திருக்கட்டும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பறவை எச்சத்தை மட்டும் உடனே நனைத்து எடுத்துவிடுங்கள். அது அமிலம், பெயின்டை அரிக்கும். மற்றபடி தண்ணீர் ஊற்றாமல் துணியைக் கையில் எடுக்காதீர்கள். காலையில் கை பரபரத்தால் செடிக்குத் தண்ணீர் விடுங்கள், பேப்பர் படியுங்கள், வீட்டில் காய் நறுக்கிக் கொடுங்கள். காருக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, அதைத் தொடாமல் இருப்பதுதான்.

“எல்லாரையும் இப்பிடித் திருத்திப்போட்டா நம்ம பொழப்பு என்னங்க ஆகறது?” என்று மனைவி கவலைப்பட்டாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. இதைப் படித்து முடித்தவர்களில் பாதிப் பேர் நாளைக் காலை ஏழு மணிக்குப் பனியன் துணியோடுதான் வாசலில் இறங்குவார்கள். வெயிலில் வட்டம் தெரிய ஆரம்பித்ததும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு.